புகைப்பெட்டியில் ஒரு துளை

நீராவி எஞ்சினை ரசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் மினுக்கத்தில் மயங்குவார்கள். துடைத்து வைத்த பித்தளை, எண்ணெய் மின்னும் இணைப்புத் தண்டுகள், புகைபோக்கியின் வளைவு. எனக்கோ, எஞ்சின் கட்டியவர்களின் கெட்டிக்காரத்தனம் முழுதாகத் தெரிவது அது எதிலாவது மோதிய பிறகுதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்பாதை இருக்கிறது. 1832-இல் சாசனம் பெற்ற கம்பெனி அது. வயல்களுக்கு நடுவே சுமார் 7 கிலோமீட்டர்தான் ஓட்டம். அங்கே ஓடும் 475-ஆம் எண் எஞ்சின், நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் தொழிற்சாலை 1906-இல் கட்டிக் கொடுத்தது. முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், பின்னால் எட்டு இயக்குச் சக்கரங்கள். நீண்டு தாழ்ந்த உடல்; சரக்கு இழுக்கப் பிறந்தது என்பது பார்த்ததுமே தெரியும்.

2022 நவம்பர் 2 அன்று, வண்டியின் மறுமுனையில் போய்க் கோத்துக்கொள்வதற்காக இந்த எஞ்சின் தனியே நகர்ந்தது. தடம் மாற்றும் பாயிண்ட் தவறான பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்த மண் தோண்டும் எந்திரத்தின் மேல் போய் மோதியது. எஞ்சினின் முகப்பு கிழிந்து பெரிய துளை விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அந்தக் காட்சியின் வீடியோவைப் பார்த்தவர்கள் நூறாண்டு தாண்டிய எஞ்சினின் கதை முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். ஒரு வாரத்துக்குள் அது மறுபடி வண்டி இழுத்தது.

காரணம் எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. நாம் முகம் என்று பார்க்கும் அந்த வட்டம் பாய்லர் அல்ல, புகைப்பெட்டி. நெருப்பின் சூடு குழாய்கள் வழியே பாய்லர் நீரைக் கொதிக்க வைத்துவிட்டு, கடைசியில் வந்து சேரும் அறை. வேலை முடித்த நீராவி அங்கே ஊதுகுழல் வழியே மேலே பீறிட்டு, கூடவே புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. அந்த இழுப்புதான் அடுப்பு நெருப்பைச் சீற வைக்கிறது. குழாய்கள் பொருந்தியிருக்கும் கனத்த தகட்டுக்குப் பின்னால்தான் பாய்லர். அதற்குள்ளே வெளிக்காற்றைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம். சமையலறையில் புகைக்கூண்டு உடைவதற்கும் குக்கர் உடைவதற்கும் உள்ள வித்தியாசம் இது. புகைப்பெட்டியில் ஓட்டை விழுந்தால் இழுப்பு போய் நெருப்பு சோம்பும், பாய்லர் வெடிக்காது.

மோதலை வாங்கிக்கொள்ளும் முகப்பு பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கே எஞ்சினின் முன்பலகையில் இரண்டு பஃபர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். முட்டலை ஸ்பிரிங்கில் வாங்கிக்கொள்வது அவற்றின் வேலை. நைஜல் கிரெஸ்லி வடிவமைத்து 1923-இல் டான்காஸ்டரில் கட்டப்பட்ட ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன், தன் நூற்றாண்டு ஆண்டிலேயே, 2023 செப்டம்பர் 29 அன்று, ஸ்காட்லாந்தின் ஏவிமோரில் நின்றிருந்த சொகுசு ரயில்பெட்டிகளில் மோதியது. வேகம் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். ஆனாலும் சிலர் காயமடைந்தார்கள். தண்ணீர்-கரி வண்டியோடு சேர்த்து 150 டன்னைத் தாண்டும் எஞ்சின் அது. மெல்ல வந்தாலும் அந்த எடை சும்மா விடாது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய பிறகு மிஞ்சும் விசை முன்பலகைக்கும், அதிலிருந்து சட்டத்துக்கும் போகும்.

அதனால்தான் விவரம் தெரிந்த ஃபிட்டர் கிழிந்த தகட்டைப் பார்த்துப் பதறமாட்டார். சட்டம் நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். சிலிண்டரின் நடுவே கம்பி இழுத்துக் கட்டி, சக்கர அச்சுக்கு அது சரியான செங்கோணத்தில் இருக்கிறதா என்று அளப்பது இந்தத் தொழிலின் பழைய முறை. மயிரிழை பிசகினாலும் ஓட ஓடத் தாங்கிகள் தேயும். தகட்டை வெட்டி, உருளையில் வளைத்து, புதிதாகப் பொருத்திவிடலாம். வார்ப்பிரும்பு விரிசல் விட்டால்தான் வம்பு. அதில் வெல்டிங் எளிதில் நிற்காது. விரிசலின் குறுக்கே உலோகப் பூட்டுகளை அடித்து இறுக்கி, சூடு காட்டாமலே தைப்பார்கள். இந்தத் தையலை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நகைவேலைமீது இருக்கும் மரியாதை இதன்மீதும் வந்துவிடும்.

475 அவ்வளவு சீக்கிரம் எழுந்ததற்கு இன்னொரு காரணம், ஸ்ட்ராஸ்பர்க்குக்குச் சொந்தப் பணிமனை இருப்பது. பிற ரயில்பாதைகளின் எஞ்சின்களுக்கும் அங்கே வேலை செய்து கொடுக்கிறார்கள். தகடு வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் தெரிந்த கைகள் அன்றாடம் வேலையில் இருந்தன. அந்தக் கைகள் இல்லாத ஊரில் இதே சிறு விபத்து எஞ்சினை ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் முடக்கியிருக்கும்.

எஞ்சினை மட்டும் காப்பாற்றினால் அது காட்சிப்பொருள். அதைப் பழுதுபார்க்கும் தொழிலையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் பாரம்பரியம். பாரம்பரிய ரயிலில் போகும் வாய்ப்புக் கிடைத்தால் எஞ்சின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே பணிமனையைப் பார்க்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள்.