‘வெட்டர்’ என்னும் ஒப்பீட்டு வடிவமும் தமிழ்ப் பெயர்ப்பும்

ஆங்கிலத்தில் ஈரத்தைச் சுட்டும் பெயரடைகள் பல. நீர் வெளிப்படத் தெரியும் நிலை ‘வெட்’. வேண்டாத சிறு ஈரம் ‘டேம்ப்’. இருத்தற்குரிய அளவில் அமைந்த ஈரம் பெரும்பாலும் ‘மாய்ஸ்ட்’. இவை ஓரசைச் சொற்களாதலின் ‘அர்’ விகுதி ஏற்று ஒப்பீட்டு வடிவம் பெறும். இவற்றுள் மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் இடறச் செய்வது ‘வெட்டர்’.

இதற்கு ‘இன்னும் ஈரமான’, ‘அதிக ஈரமான’, ‘மேலும் ஈரமான’ என்பன வழங்குகின்றன. தனிச்சொல்லாகப் பார்க்கையில் இவை பொருந்துவன போலத் தோன்றினும், தொடரில் ஒப்பீட்டுப் பொருளை இழந்துவிடுகின்றன. ‘துண்டு இன்னும் ஈரமாக இருக்கிறது’ என்றால் அது காயவில்லை என்றே கொள்வர். வேறொரு துண்டோடு ஒப்பிடப்பட்டதாக எவரும் கொள்ளார். ‘அதிக’ என்பது மிகுதியையும் அளவு கடந்தமையையும் உணர்த்தும். ‘மேலும்’ ஓரளவு நெருங்கி வருகிறது. ஆயினும் ஒரே பொருளில் முன்பிருந்த ஈரம் கூடியதையே அது இயல்பாகக் குறிக்கும்.

தமிழில் ஒப்பீட்டுக் குறி பெயரடையில் இல்லை என்பதே இதற்குக் காரணம். ஐந்தாம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம் தண்மை, வெம்மை, சிறுமை, பெருமை ஆகியவற்றைக் கூறுவது, ஒப்பிடப்படும் எல்லையை உணர்த்தும் பெயரிலேயே உறழ்ச்சி நிற்பதைக் காட்டும். இன்று அவ்விடத்தை ‘விட’, ‘காட்டிலும்’ என்பன நிரப்புகின்றன. ‘இதைவிட அது ஈரம்’ என்பதில் ‘அதிக’ என்னும் அடை இல்லாமலே ஒப்பீடு முற்றுப்பெறுகிறது.

ஆங்கிலமோ எல்லையைச் சொல்லாமல் விடவும் இடந்தரும். விகுதியே ஒப்பீட்டைத் தாங்கிக்கொள்ளும். காலநிலை அறிக்கைகளில் இது மிகுதி. அங்கு ‘வெட்டர்’ என விவரிக்கப்படும் கோடையை ‘அதிக ஈரமான கோடை’ எனப் பெயர்ப்பது இருமடங்கு பிழை. கருதப்படுவது மழை, ஈரமன்று. ஒப்பீட்டின் எல்லையும் மறைந்துவிடுகிறது. ‘வழக்கத்தைவிட மழை மிகுந்த கோடை’ எனல் வேண்டும். எல்லை வழக்கமா, கடந்த ஆண்டா, முந்தைய முப்பதாண்டுச் சராசரியா என்பதை மூலத்தின் சூழலிலிருந்தே தேர்தல் வேண்டும். ஐசக் ஹெல்ட், பிரயன் சோடன் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வோடு இணைத்துப் பேசப்படும் ‘ஈரப்பகுதி மேலும் ஈரமாகும்’ என்னும் கருத்தில் அச்சொல் குறிப்பது மழைக்கும் ஆவியாதலுக்கும் இடையிலான வேறுபாட்டை. மழை கூடிய இடத்திலும் வெப்பத்தால் மண் உலரலாம் என்பதை நினைத்தால், ‘ஈரம்’ என்னும் பெயர்ப்பு எத்துணை திசைதிருப்பும் என்பது விளங்கும்.

எதிர்ச்சொல்லான ‘ட்ரையர்’ இன்னும் நுட்பமானது. கென்னடி, மெக்னலி (2005) ஆகியோர் விளக்கிய அளவுகோற் பகுப்பின்படி, ‘வெட்டர்’ எனப்படும் பொருள் சிறிதேனும் ஈரமாயிருத்தல் உறுதி. ‘ட்ரையர்’ எனப்படும் பொருளோ உலர்ந்திருக்க வேண்டுவதில்லை. 17 விழுக்காடு ஈரப்பதமுள்ள நெல், 20 விழுக்காடு ஈரப்பதமுள்ள நெல்லினும் ‘ட்ரையர்’. ஆயினும் சேமிப்புக்குப் பொதுவாக வேண்டப்படும் 14 விழுக்காட்டை அது எட்டவில்லை. தமிழில் ‘உலர்ந்த’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். வினை முடிந்ததை அறிவிப்பது. எனவே ‘அதிகம் உலர்ந்த நெல்’ என்று வேளாண் கையேட்டில் எழுதினால், படிப்பவர் அதனைக் குதிரில் கொட்டலாம் என்றே கொள்வார். பூஞ்சணம் பிடித்த பின்னரே பிழை தெரியவரும். ‘அதனினும் ஈரம் குறைந்த நெல்’ என்பது அழகிற் குறைந்ததாயினும் பொய்யுரையாது.

‘டேம்ப்பர்’ என்பதற்குத் தமிழ் பல இடங்களில் பெயரடையையே நாடுவதில்லை. தீக்குச்சியும் அப்பளமும் ‘நமத்துப்போகும்’. சுவரில் ‘ஓதம் ஏறும்’. ‘அந்தப் பெட்டியைவிட இது அதிகம் நமத்திருக்கிறது’ என்னும் வினைத்தொடரே இங்கு நேரிய பெயர்ப்பு. பெயரடைக்குப் பெயரடை தேடும் அகராதிப் பழக்கத்திற்கு அது அகப்படுவதில்லை.