வெட்டிவேர்த் தட்டி

மேற்கு பார்த்த ஜன்னலுக்கு எவ்வளவு கனமான துணித் திரை போட்டாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அது மறிக்கும். வெட்டிவேர்த் தட்டி வாசலிலேயே நிறுத்திவிடும்.

மூங்கில் சிம்புகளுக்கு நடுவே வேரைப் பரப்பிக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டு, உச்சி வெயிலில் தண்ணீர் தெளிப்பார்கள். அனல்காற்று ஈர வேரினூடே நுழையும்போது நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. அறைக்குள் குளுமையோடு வேரின் மணமும் வருகிறது. எந்த ஏசியும் தராத சுகம் அது!

வேலூர் மாதிரி வறண்ட வெக்கைக்கு இது கச்சிதம். கடற்காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் பலன் குறைவு; அங்கே நிழலுக்கு வெறும் மூங்கில் தட்டியே போதும்.

வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வேர் நெருக்கியடித்திருந்தால் காற்று புகாது. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.