சேர்வராயன் மலையும் விஞ்ஞான பாடமும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டு வந்த மலையாளிப் பழங்குடியினரின் குழந்தைகள், வீட்டில் பெற்ற அறிவைச் செருப்பைப்போல் வாயிலிலேயே கழற்றிவைத்துவிட்டுப் பள்ளிக்குள் நுழையும் நிலை மாற வேண்டும் என்ற நோக்கத்தோடு, 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் ஊரறிவைப் பாடத்தோடு பிணைக்கச் சொல்லியிருப்பது நியாயமே. ஆயினும் இங்கு இருவேறு காரியங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. சார்னோக்கைட் பாறை காலாந்தரத்தில் சிதைந்து, அதன் சிலிக்கா மழைநீரில் கழுவப்பட்டுப்போக, எஞ்சிய அலுமினியச் சத்தே இம்மலையுச்சியில் பாக்சைட்டாகப் படிந்து, பின்னர் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கிச் சென்றது என்று கற்பிப்பது சிறந்த சுற்றுப்புறப் பாடந்தான். ஆனால் அதில் மலைமக்களின் அறிவு எள்ளளவும் இல்லை.

அவர்கள் சொல்வதைச் சோதனைக்கு உட்படுத்தும்போதுதான் உண்மையான இணைப்பு தொடங்குகிறது. குதிரில் நொச்சித்தழை இட்டால் தானியத்தை வண்டு அண்டாது என்னும் பாட்டியின் வாக்கை எடுத்துக்கொண்டு, தழையிட்ட பானை ஒன்றையும் இடாத பானை ஒன்றையும் வகுப்பில் வைத்து, சில மாதங்கள் சென்றபின் வண்டுகளை எண்ணச் சொன்னால், அதுவே பூரணமான விஞ்ஞான பாடம்.

காமாலைக்கு மருந்தாகத் தரப்படும் கீழாநெல்லியின் விஷயம் இவ்வளவு சுலபமன்று. அசுத்த நீரால் பரவும் ஏ வகைக் கல்லீரல் அழற்சியின் காமாலை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடுமாதலால், அந்நாட்களில் உண்ட பச்சிலைக்குக் கீர்த்தி சேர்ந்துவிடுகிறது. உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது என்பதை விளக்காமல், முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்று பெருமிதத்தோடு பாடத்தை முடித்துவிடும் உபாத்தியாயர், விஞ்ஞானத்துக்கும் முன்னோர்க்கும் ஒருங்கே அநீதி இழைக்கிறார். ஏளனத்தைவிட இந்தப் புகழ்ச்சியே எனக்கு அபாயமாகத் தோன்றுகிறது.

உரிமைப் பிரச்சினையும் உண்டு. அகத்தியர் மலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமத் தொகையில் சரிபாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டதை அறிந்தோர், குழந்தைகளைக் கொண்டு வீட்டு மருந்துகளைக் குறிப்பேட்டில் திரட்டிக் கண்காட்சியில் பரப்புமுன், அக்குழந்தைகளின் ஊர்ப் பெரியவர்களின் சம்மதத்தைக் கேட்பார்கள்.

இத்தனைக்கும் பின்னர் மிஞ்சுவது பரீட்சை. பாடநூலை ஒப்பிப்பதற்கே மதிப்பெண் என்றிருக்கும்வரை, மலையிலாயினும் சமவெளியிலாயினும் எந்த ஆசிரியரும் பானைக்கும் வண்டுக்கும் மாதக்கணக்கில் நேரம் ஒதுக்கமாட்டார். சீர்திருத்தம் வினாத்தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.