கோப்பை கழுவியவனின் நியூயோர்க்

ஆடவன் தன் உடலை விற்பதை ஒழுக்கக்கேடு என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். ஜோன் ஷ்லெசிஞ்சரின் 'மிட்நைட் கௌபோய்' (1969) அவ்வாறு செல்லவில்லை. டெக்ஸாசிற் கோப்பை கழுவிய ஜோ பக், செல்வச் சீமாட்டிகளுக்குத் தன்னை விற்றுப் பிழைக்கலாமென நம்பி நியூயோர்க்குக்குப் பேருந்தேறுகிறான். கூலி கேட்ட முதல் இடத்திலேயே, அவள் அழுவது பொறாமல், தானே 20 டொலர் கொடுத்துவிட்டு வருகிறான்! திரைக்கதையாசிரியர் வால்டோ சோல்ட், 1951இல் ஹொலிவூட்டின் கறுப்புப்பட்டியலில் இடப்பட்டவர். உழைப்பை விற்கவந்தவன் சந்தையில் ஏமாறும் விதத்தை அவர் நன்கறிவார். இடிக்கப்படவிருக்கும் கட்டடத்தில், கணப்பின்றி, கால் ஊனமுற்று இருமிக்கிடக்கும் நண்பன் றிசோவுடன் ஜோ கழிக்கும் குளிர்காலமே படத்தின் உயிர்.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. றிசோவை மயாமிக்கு அழைத்துச்செல்லப் பணம் வேண்டி, தன்னை அறைக்கு அழைத்த முதியவரை ஜோ அடித்து நொறுக்குகிறான். அடுத்த கணமே கமரா நண்பர்களோடு பேருந்தில் ஏறிவிடுகிறது. அம்முதியவர் பொலிசிடம் முறையிடவும் வழியற்றவர். ஆணோடு ஆண் கொள்ளும் உறவு 1980வரை நியூயோர்க்கிற் குற்றம். றிசோவுக்காகக் கண்ணீர் சொரியும் படம் அவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. திரையரங்கின் இருளில் ஜோவிடம் வந்து, பணமின்றி அகப்பட்டு நடுங்கும் மாணவனை மட்டும் அவன் அடிக்காது விடுகிறான். வாங்கவந்தவனும் தன்னைப்போல் வெறுங்கையன் என்பதை ஜோ கண்டுகொள்வது அந்த ஓரிடத்திற்றான்.