ஆமணக்கு இலையும் 13 நரம்பும்

ஓகஸ்ட் வெயிலில், முழங்கையைத் தாண்டித் தொங்கும் தடித்த நீலச் சட்டையோடு ஒருவன் கொடிகாமம் சந்தைக்குள் போனால் ஆரும் திரும்பித்தான் பார்ப்பார்கள். போனவன் என் அக்காவின் மகன். ஸ்காபரோவில் பிறந்தவன், விடுமுறைக்கு வந்திருக்கிறான். பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்த ஆச்சி அவன் நெஞ்சிலிருந்த வெள்ளை இலையைக் கத்தியால் சுட்டி, "தம்பி, உது ஆமணக்கிலையோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மம்மா, மேப்பிள்."

"ஆமணக்கெண்டால் எண்ணெயாவது எடுக்கலாம்."

மேப்பிள் மரத்தில் பாகு எடுக்கலாம் என்று அவன் விளக்கப்போனான். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவன் சட்டையில் இருக்கும் அந்த இலையிலிருந்து 1967க்குப் பிறகு ஒரு சொட்டும் வடியவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கிக் கழகத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். ஹொக்கியின் பெரும் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை 13 தடவை வென்ற கழகம், கடைசியாக வென்றது 1967 மே மாதம். நம்மூர் வீடு ஒவ்வொன்றிலும் ரொறன்ரோவுக்குப் போன ஒருவராவது இருப்பதால், ஐஸ் மைதானத்தைக் கண்ணால் காணாத நாங்களும் அந்த நீலத்தை அறிவோம்.

அந்த அணி நீல இலையோடு பிறக்கவில்லை. 1917இல் தொடங்கி, 1919இல் சென். பற்றிக்ஸ் என்று அயர்லாந்துக்காரரின் புனிதர் பெயரைச் சூடிப் பச்சைச் சட்டை போட்டது. 1927 பெப்ரவரியில் கொன் ஸ்மைத் என்பவர் கைக்கு வந்ததும் பெயர் மேப்பிள் லீஃப்ஸ் ஆனது. முதலாம் உலகப் போரில் சண்டைக்குப் போனவர் அவர். கனேடியப் படையினர் அணிந்த இலைச் சின்னம் அவர் மனதில் இருந்தது. 17ஆம் திகதி புதுப் பெயரில் விளையாடிய முதல் ஆட்டத்தில் வெள்ளைச் சட்டையில் இருந்தது பச்சை இலை. அடுத்த பருவத்தில்தான் நீலம் வந்தது. நீலம் கனடாவின் வானம், வெள்ளை அதன் பனி என்று விளக்கம் சொன்னார்கள். ஸ்மைத்தின் மணல், கல் ஏற்றும் லொறிகளின் நிறம்தான் அது என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு லொறிக் கதைதான் நம்பும்படியாக இருக்கிறது.

அதன்பின் நிறம் அசையவில்லை, இலைதான் மாறிக்கொண்டே வந்தது. 1938 தொடக்கம் 35 முனை கொண்ட இலை. அந்தச் சட்டையில் மட்டும் 9 கிண்ணங்கள். 1965இல் கனடாவுக்குப் புதுக்கொடி வந்தது. அதிலிருந்த 11 முனை இலையைப் பார்த்து 1967இல் கழகமும் தன் இலையைக் கத்தரித்தது. "இலையைக் கத்தரித்தார்கள், ராசி போச்சு" என்று பழைய ரசிகர்கள் சொல்வதுண்டு. கணக்கு ஒத்துவரவில்லை. 1967 இறுதிச் சுற்றில் மொன்றியலை வென்றபோது அணிந்திருந்ததே அந்த 11 முனை இலைதான். 1970இல் அதையும் இன்னும் மொட்டையாக்கி, தடித்த எழுத்துப் போட்டார்கள். ராசி போனதற்குக் காரணம் தேடுபவர்கள் இலையை விட்டுவிட்டு முதலாளியின் அறைக்குள் பார்க்க வேண்டும்.

அங்கே இருந்தவர் ஹரோல்ட் பலார்ட். 1977-78 பருவத்தில், வீரரின் பெயரைச் சட்டையின் முதுகில் போட வேண்டும் என்று அணி விளையாடும் தேசிய ஹொக்கி லீக் சட்டம் கொண்டுவந்தது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு ஆள் தெரியட்டும் என்பது நோக்கம். பலார்ட் மறுத்தார். பெயர் முதுகில் இருந்தால் மைதானத்தில் விற்கும் ஆட்ட விபரப் புத்தகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்? லீக் அபராதம் என்று மிரட்டியது. 1978 பெப்ரவரி 26, சிக்காகோவில் ஆட்டம். லீஃப்ஸ் வீரர்கள் முதுகில் பெயரோடுதான் இறங்கினார்கள், நீலச் சட்டையில் நீல எழுத்து! கூடத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை, தொலைக்காட்சிக்காரருக்கும் தெரியவில்லை. பிறகு லீக் விடாப்பிடியாக நிற்க, வெள்ளை எழுத்து வந்தது. இந்த மனிதர் அணியை ஆண்ட காலத்தில் கிண்ணம் வராததில் என்ன ஆச்சரியம்?

மருமகனின் சட்டையைக் கிணற்றடியில் தோய்த்துக் கொடியில் போட்டபோது உட்புறத்தைப் பார்த்தேன். இடுப்புக்குப் பின்னால் ஒரு பட்டி தொங்கியது. "சண்டைப் பட்டி, மாமா" என்றான். ஹொக்கியில் கைகலப்பு வந்தால் எதிராளி சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துக் கண்ணை மறைத்துவிட்டுக் குத்துவானாம். இழுபடாமல் இருக்க, இந்தப் பட்டியைக் காற்சட்டையோடு கொளுவிவிடுவார்கள். சட்டை இவ்வளவு அகலமாக இருப்பதும் உள்ளே தோள் கவசம் போடுவதால்தான்.

ஆட்டத்தைத் தொட்ட மாற்றங்கள் இப்படியானவைதான், அவை குறைவு. கம்பளிச் சட்டை வியர்வையை உறிஞ்சிக் கனத்துப்போகும். செயற்கை நூல் வந்து அந்தப் பாரத்தை இறக்கியது. 2007இல் றீபொக் நிறுவனம் லீக் முழுவதற்கும் உடலோடு ஒட்டிய, நீர் ஊறாத சட்டையைக் கொடுத்தது. வியர்வை துணியில் தங்காமல் வழிந்து கையுறைக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் இறங்குகிறது என்று வீரர்கள் முறையிட, துணியை மாற்ற வேண்டிவந்தது. 2017இல் அடிடாஸ், 2024இல் ஃபனற்றிக்ஸ் என்று பிறகு நிகழ்ந்தவை பெரும்பாலும் கடைக்காரர் மாற்றங்கள்.

2016இல் பழைய இலையை ஒட்டிய புது இலை வந்தது. 31 முனை, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கு திறந்த 1931ஐக் குறிக்க. 17 நரம்பு, 1917க்காக. அவற்றில் மேற்பகுதியில் இருக்கும் 13, வென்ற கிண்ணங்களுக்காக. பார்க்க அழகு, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் 1918, 1922 கிண்ணங்கள் இலையே இல்லாத காலத்தில் வென்றவை. அவற்றுக்கும் இலையில் நரம்பு ஓடுகிறது. நாளைக்கு 14ஆவது கிண்ணம் வந்தால் எங்கே கீறுவார்கள்? அவசரம் இல்லைப்போலும். அந்த இலையோடு இறங்கிய முதல் லீக் ஆட்டத்தில், 2016 ஒக்ரோபர் 12, ஒட்டாவாவில் ஓஸ்டன் மத்தியூஸ் தன் அறிமுக ஆட்டத்திலேயே 4 கோல் அடித்தார். அணி 5-4 என்று தோற்றது. 2004க்குப் பிறகு கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்று ஒன்றை வெல்லவே 2023 வரை காத்திருந்தார்கள்.

அன்று சந்தையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கரப்பந்தாட்டத் திடலில் சற்று நின்றோம். கனடாக் காசில் அடித்த சட்டைகள். நெஞ்சில் அனுசரணையாளர் பெயர், முதுகில் அமரராகிவிட்ட ஒருவரின் ஞாபகார்த்தம், தோளில் இன்னொரு கடை. எண் எங்கேயோ இடுப்போரம் ஒதுங்கிக் கிடந்தது, அதுவும் கறுப்புத் துணியில் கடும் ஊதா நிறத்தில். அருமையாக ஓர் அடி அடித்தான் ஒரு பெடியன். ஆரென்று கேட்டால் பக்கத்தில் நின்றவருக்கும் தெரியவில்லை. பலார்ட் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அடுத்த சுற்றுப்போட்டிக்குச் சட்டை அடிக்கக் கொடுக்கும் கழகச் செயலாளர்மாரே, காசு தந்தவர் பெயரைத் தாராளமாகப் போடுங்கள், எண்ணுக்குக் கீழே போடுங்கள். எண்ணை மட்டும் முதுகு நிறைய, வெள்ளையில் போட்டுவிடுங்கள்.