ஒற்றை முடியில் ஓர் இனம்

நல்ல பூனைக்குட்டி வேண்டும் என்று கொழும்புக் கடைகளில் பெர்சியனுக்கும் சியாமீஸுக்கும் விலை கேட்பவர்கள் ஒருமுறை பொல்பிட்டிய பக்கம் வந்து போக வேண்டும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இடம் அது. அங்கிருந்து மேலேறும் தோட்டங்களில், ஏதாவது ஒரு லயத்து அடுப்படியில் உடம்பில் வரியோ புள்ளியோ இல்லாத மண்ணிறப் பூனை படுத்திருந்தால், நின்று பாருங்கள். உலகப் பூனைக் கண்காட்சிகளில் நம் தீவின் பெயரைச் சுமக்கும் இனத்துக்கு இந்த ரோமம்தான் அடையாளம்.

1984 ஜனவரியில் பாவ்லோ பெல்லெகாட்டா என்ற இத்தாலியக் கால்நடை வைத்தியர் இலங்கையிலிருந்து சில பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு மே மாதம் கோமோ நகரக் கண்காட்சியில் அவை ‘சிலோன் பூனை’ என்று அறிமுகமாயின. நாம் பால் ஊற்றிவிட்டு மறந்துபோகிற பூனையில் அவர் கண்டது என்ன?

விடை ஒற்றை முடியில் இருக்கிறது. பூனையின் முதுகு ரோமத்தை விரலால் எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ஒரே முடி அடியில் வெளிறி, பிறகு கறுத்து, மறுபடி வெளிறி, நுனியில் கறுத்து முடியும். காட்டு முயலின் முடியும் இப்படித்தான். பூனை அசையும்போது பொன்னும் கறுப்பும் மாறி மாறித் தெரிவது இதனால்தான்.

உடம்பில் வரி தெரியாததன் காரணத்தை 2021இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். கருவிலேயே தோலில் வரிகளுக்கு இடம் குறிப்பதில் டிகேகே4 என்ற மரபணுவுக்குப் பங்குண்டு. அது மாறிய பூனைகளில் வரிகள் அழிவதில்லை; தனித்தனியே கண்ணுக்குப் படாத அளவுக்கு நுணுகி, நெருங்கிவிடுகின்றன. வரியில்லாப் பூனை உண்மையில் எண்ணற்ற வரிகள் கொண்ட பூனை. இதை அறிந்தபின் அந்த மண்ணிறத்தை வெறும் நிறமாகப் பார்க்க முடிவதில்லை.

அபிசீனியன் இனத்துக்கும் இதே ரோமம் உண்டு. ஆனால் அங்கே காலிலும் கழுத்திலும் வரி தெரிந்தால் குறை. சிலோன் பூனையிலோ அந்த வரிகள்தான் அணிகலன். நெற்றிக் கோடுகள் படமெடுத்த நாகம்போல் அமைந்தால் இத்தாலிய ரசிகர்கள் அதை ‘கோப்ரா’ என்று கொண்டாடுகிறார்கள். என் கண்ணும் அந்தப் பக்கம்தான். வெறுமையான உடலுக்குக் கால்வரிகளே கட்டுக்கோப்பு தருகின்றன.

குட்டியைத் தெரிவு செய்யும்போது அவசரம் கூடாது. இவ்வகைக் குட்டிகள் பிறக்கையில் இருண்டிருக்கும்; முடியின் பட்டைகள் வளர வளரத்தான் துலங்கும். ஆகவே முதலில் தாயைப் பாருங்கள். அதன் முதுகு சுத்தமாக இருந்தால் குட்டியிலும் அந்த ரோமத்தை எதிர்பார்க்கலாம். தகப்பன் வரிப்பூனை என்றாலும் கவலை வேண்டாம். இந்த ரோமம் ஓங்கிய குணம், ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும். அப்படிப் பிறந்தவற்றில் கால்வரி இன்னும் அழுத்தமாக விழுவதும் உண்டு. கண்ணின் நீலத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எல்லாக் குட்டிக்கும் தொடக்கத்தில் அது நீலம்தான். ஆறு, ஏழு வாரத்துக்குப் பிறகே சொந்த நிறம் வரத் தொடங்கும்.

அழகுக்கு அடுத்தது பழக்கம். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்ட குட்டி ஆயுளுக்கும் மனிதரை நம்பும். பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சும் லயத்துக் காம்பராவில் இந்தப் பயிற்சி தானாகவே நடக்கிறது. கூண்டில் வைத்து விற்கும் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. கண்ணில் பீளை, மூக்கில் சளி, வயிற்றில் உப்பல் இல்லாத குட்டியாகப் பாருங்கள். எட்டு வாரமாவது தாயிடம் விட்டுவையுங்கள். பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. வந்ததும் தடுப்பூசி போடுங்கள். விசர்நோய் உள்ள நாட்டில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வெளிநாட்டில் இந்த இனத்துக்கு வம்சச் சான்றிதழ் எழுதுகிறார்கள். பிறந்த மண்ணில் அதற்குக் காவல் நம் கண்கள் மட்டுமே. இறக்குமதிக் குட்டிக்கு விலை பேசும் முன், பக்கத்து லயத்தில் பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள்.