கூரை விளக்கும் அதன் காவலாளியும்

காருக்குள்ளே தலைக்கு மேல் இருக்கும் குட்டி விளக்கைப் பற்றி ஒரு விமர்சனமா என்று கேட்பீர்கள். ஆமாம், அதைப் பற்றித்தான்.

பழைய கார்களில் அந்த விளக்கின் கதை நாலு வரிக் கதை. பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் எப்போதும் வந்து நிற்கும். கதவுச் சட்டத்தில் ஒரு பொத்தான் சுவிட்ச். கதவைத் திறந்தால் அது எர்த்தைத் தொடும், விளக்கு எரியும். மூடினால் அணையும். எரியலையா? பல்பு, ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் என்று சந்தேகப்பட நாலே இடம். ஒரு டெஸ்ட் லேம்ப் கையில் இருந்தால் போதும்.

இப்போது கதவு, விளக்கை நேராகத் தொடுவதே இல்லை. பூட்டுக்குள் இருக்கும் நுண்சுவிட்ச் "கதவு திறந்திருக்கிறது" என்று ஒரு கணினிப் பெட்டிக்குத் தகவல் மட்டும் சொல்கிறது. விளக்கைப் போடலாமா, எவ்வளவு பிரகாசமாக, எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது. கதவை மூடியதும் விளக்கு சினிமாத் தியேட்டர் மாதிரி மெல்ல மங்குகிறதே, அது இந்தப் பெட்டியின் வேலை. மின்சாரத்தை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் போட்டு நிறுத்தி, போடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. நம் கண்ணுக்கு அது சீரான மங்கலாகத் தெரிகிறது.

இதில் ஆடம்பரம் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்னால் அநியாயம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 0.83 ஆம்பியர் இழுக்கும். கதவு சரியாக மூடாமல் விட்டால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவைத் தாங்கிவிடும். வெள்ளி இரவு 9 மணிக்கு விட்டுவிட்டுத் திங்கள் காலை 7 மணிக்கு வந்தால்? 58 மணி நேரம், 48 ஆம்பியர்-மணி. பேட்டரி காலி. பெட்டிக்குள் இருக்கும் டைமர் சில வண்டிகளில் பத்து நிமிடத்தில், சிலவற்றில் அரை மணியில் விளக்கை வெட்டிவிடுகிறது. உண்மையான உபகாரம்.

ஃபியூஸையும் ரொம்பப் புகழ வேண்டாம். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் 13.5 ஆம்பியர் ஓடினால் அது உருகப் பத்து நிமிடம் வரைகூட ஆகலாம். அது காப்பது ஒயரை, விளக்கை இல்லை. புதிய பெட்டிகளில் ஒவ்வொரு விளக்கு வழிக்கும் ஒரு 'ஸ்மார்ட்' டிரான்சிஸ்டர் இருக்கிறது. அது தன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்கும், தன் சூட்டையும் அளக்கும். ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். குளிர்ந்த பல்பு இழை முதல் கணத்தில் வழக்கத்தைவிடச் சுமார் பத்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதை ஷார்ட் என்று நினைத்து ஏமாறாத அளவுக்கு விவரமும் அதற்கு உண்டு.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? குறை பாதுகாப்பில் இல்லை. பாதுகாத்த பிறகு அந்தப் பெட்டி நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது.

பி.எம்.டபிள்யூ.வின் இ90 தலைமுறை 3 சீரிஸ் கார்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஃபுட்வெல் மாட்யூல் என்று ஒரு பெட்டி, ஓட்டுநர் பக்கத்துக் கால்வைப்பிடத்தின் ஓரத்தில் இருக்கும். உள் விளக்கு, வெளி விளக்கு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு விளக்கு வழியில் திரும்பத் திரும்ப ஷார்ட் ஏற்பட்டால் அது எண்ணிக்கொண்டே வரும். ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த வழியையே பூட்டிவிடும். ஒயரைச் சரிசெய்து புதுப் பல்பு போட்டாலும் எரியாது. டயக்னாஸ்டிக் கருவியைச் செருகி அந்தக் கணக்கை அழித்தால்தான் எரியும்.

பூட்டுவதற்கு நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு ஷார்ட்டும் அந்த டிரான்சிஸ்டரைக் கொஞ்சம் தேய்க்கும். இதைச் சோதிக்கவே ஏ.இ.சி.-க்யூ100-012 என்று ஒரு தனி முறை வைத்திருக்கிறார்கள். ஆனால் பூட்டியதை வண்டிக்காரரிடம் ஏன் சொல்லக்கூடாது? உருகிய ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியாது. பல்பு மாற்றி, ஹோல்டர் மாற்றி, கடைசியில் "பெட்டியே போச்சு சார்" என்ற தீர்ப்பில் போய் நிற்கும். போகாத பெட்டிக்குக் காசு.

இரண்டாவது குறை இதைவிட வேடிக்கை. அந்தப் பெட்டியின் மூன்றாம் பதிப்பு, பேட்டரி இறங்கிப்போனாலோ கழற்றி மாட்டினாலோ சில சமயம் தன் நினைவையே இழந்துவிடும். நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தள்ளாடினால் அதன் அமைப்பு குலைந்துவிடுகிறது. உள் விளக்கு, ஜன்னல், பக்கக் கண்ணாடி எல்லாம் ஒரே நாளில் செத்துப்போகும். இத்தனைக்கும் சர்க்யூட் பலகையில் ஒன்றுமே கருகியிருக்காது. பல நேரம் பழைய தகவல் சிப்புக்குள்ளேயே அப்படியே இருக்கும். தெரிந்தவர்கள் அதை எடுத்து மறுபடி எழுதி உயிர்ப்பித்துவிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். பேட்டரி இறங்காமல் விளக்கை அணைப்பது இந்தப் பெட்டியின் வேலைகளில் ஒன்று. பேட்டரி இறங்கினால் முதலில் மயங்கி விழுவதும் இதே பெட்டிதான்!

இது யாரும் எதிர்பார்க்காத விபத்து என்று சொல்லவும் முடியாது. வாகன மின்கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 16750-2 தரநிலை, ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் எழும் 101 வோல்ட் வரையிலான அதிர்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. அதே தரநிலையில் மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும்போது கருவி ஒழுங்காக மீள்கிறதா என்ற சோதனையும் இருக்கிறது. பேட்டரி ஒருநாள் இறங்கத்தான் செய்யும். அது வண்டியின் வாழ்க்கையில் சகஜம்.

என் வாதம் "பழசே நல்லது" என்பதல்ல. ஏர்பேக் வெடித்ததும் உள் விளக்கைத் தானாகப் போட்டுக் கதவுப் பூட்டைத் திறந்துவிடும் கார்கள் நிறைய இருக்கின்றன. பொத்தான் சுவிட்சும் ஃபியூஸும் மட்டும் வைத்து அதைச் செய்ய முடியாது. இருட்டில் சிக்கியவருக்கு அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும்.

நான் கேட்பது இரண்டே விஷயம். பெட்டி எதையாவது பூட்டினால் டாஷ்போர்டில் ஒரு வரி சொல்லட்டும்: "இந்த வழியில் ஷார்ட், ஒயரைப் பார்." பூட்டைத் திறக்கும் முறையும் நினைவை மீட்கும் முறையும் நிறுவனத்தின் கதவுக்குப் பின்னால் மட்டும் இல்லாமல், தெருமுனை எலக்ட்ரீஷியனுக்கும் கிடைக்கட்டும். 2022 டிசம்பரில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் தளத்தில் வாகனமும் ஒரு பிரிவு. அங்கே எஞ்சின் கையேட்டை மட்டும் போட்டுவிட்டு இந்த மாதிரிப் பெட்டிகளை விட்டுவிட்டால் பாதி உரிமைதான் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபியூஸ் தன்னைக் கொடுத்து ஒயரைக் காப்பாற்றியது. தான் செத்த இடத்தையும் காட்டிக்கொடுத்தது. அதைவிடப் புத்திசாலியான ஒன்றை அதன் இடத்தில் வைத்திருக்கிறோம். புத்திசாலி வாயைத் திறந்து பேசவும் வேண்டும்.